ஒரு விலங்கு எப்போது ‘பீடை’ ஆகிறது?

எங்கள் வீட்டுக் கூரையில் நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை ஏற்றினோம். ஆயிரம் லீற்றர் பிடிக்கும். ஏற்றின கிழமையே குரங்குகள் மூடியைத் திருகிக் கழற்றப் பழகிவிட்டன. குடித்துவிட்டுப் போனால் பரவாயில்லை, ஒரு குட்டி உள்ளே இறங்கிக் குளித்தும் இருந்தது. குழாயில் மயிர் வந்தபோதுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவின் வாயில் வந்த சொல்: “பீடையள்!”

இதே அம்மாதான் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் குரங்குக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் வாழைப்பழம் தந்தவர். திருகோணமலையில் குரங்கு அன்றும் கூரையில்தான் நடந்தது. ஓட்டுக் கூரையில் ஒன்றிரண்டு ஓடு நகரும், அப்பா ஏறிச் சரி செய்வார், அவ்வளவுதான். தண்ணீர் கிணற்றில் இருந்தது. குரங்கு எட்டுகிற இடத்தில், மூடி போட்டு, நாங்கள் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தது பிறகுதான்.

ஒரு புதுப் பொருள் வீட்டுக்குள்ளோ ஊருக்குள்ளோ வரும்போது, அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு விலங்குக்குப் புதுப் பெயர் விழுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பீடை என்றால் வடமொழியில் வலி, துன்பம். நம் பேச்சிலும் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது: “பீடை பிடிச்ச வீடு”, “பீடை தொலைஞ்சுது”. இலங்கையில் விவசாயத் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்தால் அதே சொல் பயிரைத் தின்னும் பூச்சிக்கும் எலிக்கும் பெயராக நிற்கும். தமிழ்நாட்டில் பூச்சிக்கொல்லி என்பதை நாம் பீடைநாசினி என்கிறோம். மனிதர் பட்ட துன்பத்தின் பெயர், துன்பம் தந்ததாக அவர் நினைக்கிற உயிரின் பெயராகிவிட்டது. விலங்கியல் புத்தகத்தில் பாலூட்டி உண்டு, பறவை உண்டு, ஊர்வன உண்டு. பீடை என்று ஒரு குடும்பம் கிடையாது. களை என்று ஒரு செடி இனம் இல்லாதது மாதிரி. வயலுக்குள் முளைத்த பொன்னாங்காணி களை, பிடுங்கிக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் கீரை.

இன்னொரு சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: கட்டாக்காலி. காலி என்றால் மாடு. கட்டாத மாடு கட்டாக்காலி. இரவில் நிலாவெளி வீதியில் தார் சூட்டுக்குப் படுத்துக்கிடக்கும் மாடுகளை அப்படித்தான் சொல்கிறோம். மாட்டுவண்டி ஓடின காலத்தில் வீதியில் மாடு நிற்பது செய்தியே இல்லை. மோட்டார் சைக்கிள் அறுபது, எழுபதில் பறக்கத் தொடங்கியபின்தான் அது ஆபத்தானது. ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. ‘கட்டாத’ என்று சொன்னவுடனேயே கட்டியிருக்க வேண்டிய ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறார். பீடை என்ற சொல்லில் அந்த ஆள் இல்லை, விலங்கு மட்டும்தான் நிற்கிறது. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. கட்டுரை முழுக்க அந்த ஆளைத்தான் தேடப் போகிறோம்.

தொழில்நுட்பம் என்றதும் ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும்தான் நினைவுக்கு வரும். சொப்பிங் பையும் ஒரு காலத்தில் புதுத் தொழில்நுட்பம்தான். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களைப் பார்க்காத திருகோணமலைக்காரர் இருக்க முடியாது. வெளியூர்க்காரர் அவற்றோடு படம் எடுப்பார்கள். பகலில் அழகான மான், இரவில் குப்பைப் பையைக் கிழித்த மான். சாப்பாட்டு மிச்சத்தை வாழையிலையில் போட்ட காலத்தில் இலையையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போயிருக்கும், தெருவில் ஒன்றும் மிஞ்சியிராது. உப்பும் குழம்பு வாசமும் ஏறின பொலித்தீனை அது இலை போலத்தான் தின்கிறது, இலை போலச் செரிப்பதில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் இப்படிப் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் 20 யானைகள் அளவில் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. குப்பையைக் கிளறுகிற யானை என்று அதற்கும் ஒரு கெட்ட பெயர்தான் கிடைத்தது.

சில வேளை புதுத் தொழில்நுட்பம் விலங்கின் வேலையைப் பறித்துவிட்டு அதைத் தெருவில் விடும். புறாவின் கதை அதுதான். 1850இல், பின்னாளில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய ஜூலியஸ் ரொய்ட்டர், தந்திக் கம்பி இன்னும் இணையாத ஆகன், பிரசல்ஸ் நகரங்களுக்கிடையே பங்குச் சந்தைச் செய்தியைப் புறாவின் காலில் கட்டித்தான் அனுப்பினார். அன்றைய அதிவேக இணைப்பு அது. கம்பி இணைந்ததும் புறாவுக்கு அங்கே வேலை இல்லை. முதலாம் உலகப் போரில் மறுபடி கூப்பிட்டார்கள், பிறகு வானொலி வந்தது. 1966இல் நியூயோர்க் நகரப் பூங்காக்களுக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் ஹோவிங் புறாக்களைச் ‘சிறகு முளைத்த எலிகள்’ என்ற தொனியில் பேசியது பத்திரிகையில் வந்தது. கடிதம் சுமந்த பறவைக்கு நூறு சொச்ச வருடத்தில் எலிப் பட்டம். மன்னாரில் தெருத் தெருவாக அலைகிற கழுதைகளும் இப்படித்தான். உப்பும் மூட்டையும் சுமந்தவை, லொறி வந்தபின் யாருக்கும் வேண்டாதவையாகிவிட்டன.

சரி, இனி நம் நாட்டின் மிகப் புகழ்பெற்ற குரங்குக்கு வருவோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் வந்த தடை என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அன்று மாலைக்குள் அந்தக் குரங்கை வைத்து எத்தனை பகிடிகள்! எனக்கு வந்தவை மட்டும் இருபதுக்கு மேல். உலகப் பத்திரிகைகளும் ‘ஒரு குரங்கு ஒரு நாட்டை இருட்டாக்கியது’ என்று எழுதின.

இதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும். குரங்கு ஒரு மின்நிலையத்தில் மாட்டுவது புதிதல்ல. உலகெங்கும் அணிலும் பாம்பும் காகமும் அப்படி மாட்டுகின்றன, அந்தந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் மின்சாரம் போகும், திரும்பும். ஓரிடத்தில் விழுந்த அடி நாடு முழுக்க ஏன் ஓடியது என்பதுதான் கேள்வி. அதற்கு மின்சார சபையே பிறகு தந்த விளக்கத்தில் குரங்கைவிடப் பெரிய பாத்திரம் ஒன்று இருந்தது: சூரிய மின்சாரம். ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இல்லை, தேவை குறைவு. நல்ல வெயில், ஆகவே கூரைகளில் பூட்டிய சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் அதிகம்.

இதில் என்ன ஆபத்து? அனல், நீர் மின்நிலையங்களில் பெரிய இரும்புச் சுழலிகள் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓர் அதிர்ச்சி வந்தால் அந்தப் பாரமே ஒரு சில விநாடிகளுக்கு வேகத்தைப் பிடித்துவைக்கும். அரிசி ஆலையில் மோட்டாரை நிறுத்தினாலும் பாரச் சில்லு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்குமே, அது மாதிரி. சாதாரண சூரியத் தகட்டில் சுழல எதுவும் இல்லை. தகட்டின் பங்கு கூடி, சுழலிகளின் பங்கு குறைந்த நேரத்தில் வலையமைப்புக்குத் தாங்கும் சக்தி குறைகிறது. அதற்கு ஈடுகட்ட மின்கலத் தொகுதிகளும் வேறு கருவிகளும் வேண்டும், அவை போதிய அளவில் இருக்கவில்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் நின்றுபோய், அடுத்த சில நாட்களும் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கலாம். அதற்குக் குரங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை, எங்கள் கூரையிலும் போட ஆசைதான். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு புதுத் தொழில்நுட்பம் பழைய வலையமைப்புக்குள் அவசரமாக நுழைந்ததில் வந்த பலவீனம், ஒரு விலங்கின் முகத்தோடு செய்தியானது. குரங்கு என்றால் எல்லாருக்கும் விளங்கும், சிரிக்கலாம், வழக்குப் போடாது. கட்டாக்காலியில் கண்ணுக்குத் தெரிகிற அந்த ‘கட்டியிருக்க வேண்டிய ஆள்’ இங்கே மறைந்துபோனார்.

பீடையை உண்டாக்குகிற பொருட்கள் ஒரு வகை. பீடையைக் காட்டுகிற பொருட்கள் இன்னொரு வகை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கள்ளனுக்குப் பயந்து நாலு கமரா பூட்டினார். இன்றுவரை ஒரு கள்ளனும் அகப்படவில்லை. மரநாய் அகப்பட்டது, முள்ளம்பன்றி ஒருநாள் வந்தது. இப்போது அவர் சந்திக்கிறவர்களுக்கெல்லாம் சொல்வது: “மரநாய் சரியாக் கூடிப்போச்சு தம்பி.” கூடியது மரநாயா, கமராவா? அந்த மதிலில் அது அவருடைய தாத்தா காலத்திலிருந்தே நடந்திருக்கும். முன்பு இரவில் கூரையில் சத்தம் கேட்டால் ஏதோ ஓடுகிறது என்று திரும்பிப் படுப்போம். இப்போது நேரமும் திகதியும் பொறித்த காணொளி இருக்கிறது, அது வட்சப் குழுவுக்குப் போகிறது, அங்கே நாற்பது பேர் தங்கள் மதிலையும் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு விலங்கு நமக்கு எவ்வளவு தொல்லை என்பதை, அது எவ்வளவு தடவை நம் கண்ணில் படுகிறது என்பதைக்கொண்டுதான் பெரும்பாலும் அளக்கிறோம்.

எண்ணுவதும் அப்படி ஒரு கருவிதான். 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுவதும் தோட்டத்துக் குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். நாங்களும் தாளோடு வாசலில் நின்றோம். ஐந்து நிமிடத்தில் வந்தது இரண்டு காகம், அதற்குத் தாளில் இடமில்லை. எட்டரைக்குப் பிறகு ஒரு கூட்டமே வந்து பப்பாசியைப் பிடுங்கிக்கொண்டு போனது, அதற்கு நேரம் முடிந்துவிட்டது. ஒரே குரங்குக் கூட்டம் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று வளவைத் தாண்டினால் மூன்று தாளிலும் ஏறும். கணக்கின் குறை அதுவென்றால், எனக்கு இன்னும் உறுத்தியது வேறு. பயிருக்குச் சேதம் செய்யும் விலங்குகளின் கணக்கெடுப்பு என்றுதான் அது அறிவிக்கப்பட்டது. எண்ணுவதற்கு முன்பே தீர்ப்பு மேல் வரியில் எழுதியாகிவிட்டது. கமக்காரரின் நட்டம் பொய்யில்லை. தேங்காயைக் குரும்பையிலேயே பறிகொடுக்கிறவருக்கு இந்தக் கட்டுரை எரிச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் தாளில் எழுதப்பட்டது குரும்பைகளின் கணக்கு இல்லையே.

மூன்றாவது வகைதான் உண்மையில் புதிது: எது பீடை என்று தானே முடிவெடுக்கும் இயந்திரம். அவுஸ்திரேலியாவில் ஃபீலிக்சர் என்று ஒரு பெட்டி பாவிக்கிறார்கள். காட்டுப் பாதையோரம் நிற்கும். முன்னால் ஒரு விலங்கு கடந்தால் லேசர் உணரிகள் அதன் உயரத்தையும் உருவத்தையும் நடையையும் அளக்கும். பூனை என்று தோன்றினால் ‘1080’ என்ற நஞ்சு கலந்த களிம்பை அதன் உடம்பில் பீய்ச்சும். பூனை சுத்தக்காரப் பிராணி, நக்கும். அவ்வளவுதான். வேறு விலங்கு என்றால் பெட்டி சும்மா இருக்கும்.

கொடூரமாகப்படுகிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே பூனை ஐரோப்பியரோடு வந்தது. அந்தக் கண்டத்துக்கே உரிய பல சிறு பாலூட்டிகள் அழிந்துபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ‘பீடை’ எப்போதும் வெறும் பட்டம்தான் என்று நான் சொல்லவரவில்லை. திருகோணமலை மீன் சந்தையில் குடல் தலைக்குக் காத்திருக்கும் பூனையை யாரும் அப்படி நினைப்பதில்லை என்பதும் உண்மை. ஒரே பூனை, இரண்டு இடம்.

நியூசிலாந்தின் பொசம் இன்னும் வேடிக்கை. மரமேறும் இந்தப் பையுடைய விலங்கை 1837இல் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து வலிந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அது காட்டையும் பறவைகளையும் அழிக்கிறது என்று, எலியோடும் கீரி போன்ற ஸ்டோட்டோடும் சேர்த்து 2050க்குள் நாட்டிலிருந்தே துடைக்கும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், அவுஸ்திரேலியாவில், அதே விலங்கு பாதுகாக்கப்படுகிறது.

இந்த இடத்தில்தான் மரபணுத் தொழில்நுட்பம் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஒரு பெற்றோரின் குறிப்பிட்ட மரபணு குட்டிக்குப் போக வாய்ப்புப் பாதிக்குப் பாதி. ‘மரபணு உந்தல்’ என்ற முறையில் அந்த வாய்ப்பைப் பாதிக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள், ஆகவே அந்த மரபணு தலைமுறைக்குத் தலைமுறை பரவும். அடிலெயிட் பல்கலைக்கழகத்தில் 2022இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். பரவுவது பெண் எலிகளை மலடாக்கும் மாற்றம். ஏறத்தாழ 250 எலிகளை விட்டால் ஒரு தீவின் இரண்டு இலட்சம் எலிகளை 20 வருடங்களில் இல்லாமலாக்கலாம் என்று கணினிக் கணக்கு சொன்னது. ஆய்வுகூடத்துக்கு வெளியே இன்னும் விடவில்லை. நஞ்சு போட்டால் நஞ்சு தீரும்வரை. இது தானாகப் பெருகுகிற தீர்ப்பு. நியூசிலாந்தில் பொசம்மில் விட்டது ஒரு கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறுகிற ஒரு பெயரை, இடம் தெரியாத ஒரு மரபணுவில் எழுதுகிறோம்.

(இடைக்கு ஒன்று: மின்செருகியில் மாட்டினால் கேளாவொலியில் எலி ஓடும் என்று இணையத்தில் விற்கும் சின்னக் கருவியை வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001இலேயே இப்படி விற்ற 60க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு ‘ஆதாரம் எங்கே’ என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எங்கள் வீட்டில் எலி அதன் பக்கத்திலேயே பாண் தின்றது.)

எதிர்த்திசையிலும் தொழில்நுட்பம் வேலை செய்யும். ‘பிரச்சினைக்குரிய யானை’ என்று முத்திரை விழுந்தால் மயக்கி, லொறியில் ஏற்றி, தேசிய வனத்தில் விடுவது இங்கே நெடுநாள் வழக்கம். விட்ட பின் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் அப்படிக் கொண்டுபோன 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி மாட்டி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு யானைகள் விட்ட வனத்துக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை அத்தனையும் வனத்தை விட்டு வெளியேறின. சில பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்தன, சில ஊரூராக அலைந்தன, சில புது ஊருக்குப் பக்கத்தில் குடியேறின. யானையைத் தூக்கிப் போட்டால் தொல்லை குறையவில்லை, புதுக் கிராமங்களுக்கும் பரவியது. கழுத்துப்பட்டி இல்லாவிட்டால் அந்த யானை ‘தீர்ந்த பிரச்சினை’ என்று கோப்பில் கிடந்திருக்கும்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்து மதுக்கரையில் 2024 பெப்ரவரியில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் கமராக்கள் பூட்டினார்கள். யானை பாதையை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு அடையாளம் காணும். இதில் எனக்குப் பிடித்தது, அந்த இயந்திரம் யானையிடம் எதுவும் சொல்வதில்லை. வனத்துறைக்கும் ரயில் ஓட்டுநருக்கும் சொல்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டியது ரயில். 2025 பெப்ரவரி 20 அதிகாலை, மட்டக்களப்பு ரயில் ஹபரணைக்கும் கல்ஓயாவுக்கும் அருகே யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. கல்ஓயாச் சந்தியில்தான் நம் திருகோணமலைப் பாதையும் பிரிகிறது. நாங்கள் இரவு ரயிலில் தூங்கிக்கொண்டு போகிற பாதை அது.

தம்பலகாமத்தில் என் மாமாவுக்கு வயல் இருக்கிறது. அங்கே மின்வேலி என்றால் இரண்டு விதம், புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது ஒன்று. அது சட்டவிரோதம், யானையையும் கொல்லும், காலையில் மாடு தேடிப் போகிற மனிதரையும் கொல்லும். மற்றது மின்கலத்தில் ஓடும் கருவியிலிருந்து விநாடிக்கு ஒரு தடவை போல மிகக் குறுகிய அதிர்ச்சி தருவது. வலிக்கும், கொல்லாது. அதையும் யானை படித்துவிடும்: மின்சாரம் ஏறாத கட்டையை மேலே போடும், தந்தத்தால் கம்பியைத் தள்ளும். ஆகவே ஆளில்லாத காட்டு நடுவே வேலி போட்டுப் பயனில்லை, வயலையும் ஊரையும் சுற்றிப் போட்டு, வேளாண்மை செய்கிறவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்ற வேண்டும் என்பது பெர்னாண்டோ நெடுங்காலமாகச் சொல்லிவருவது. 2020இல் அவர் தலைமையிலான குழு யானை-மனித மோதலைக் குறைக்க வரைந்த தேசியச் செயற்திட்டத்திலும் இந்த வழி இருக்கிறது.

கேட்கும்போது எனக்குச் சங்கப் பாட்டுத் தினைப்புனம்தான் நினைவுக்கு வந்தது. தட்டை, தழல், குளிர் என்று கிளி ஓட்ட விதவிதமான கருவிகள் வைத்திருந்தார்கள். தினை கொய்த பிறகு பரணில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

போன அறுவடைக்குப் பிறகு நான் போயிருந்தபோது மாமாவும் மற்றவர்களும் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒட்டு வயலில் பெரிய காலடிகள். பதற்றத்தோடு ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா தேத்தண்ணியைக் கீழே வைக்காமலே, “ஓம் மருமகன், ஆனை வந்திட்டுப் போயிருக்கு” என்றார், தபால்காரர் வந்துபோன மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன் அதே யானையை அவர் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

திரும்பும்போது துண்டுக் கம்பி கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். தண்ணீர்த் தாங்கியின் மூடியைச் சுற்றிக் குறுக்காகக் கட்டி, முறுக்கிவிட்டேன். குரங்குகள் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தன. இப்போது காலை வெயிலுக்கு அதன் மேலே வந்து உட்கார்ந்து பேன் பார்க்கின்றன. அம்மா மறுபடியும் அவற்றைக் குரங்குகள் என்றே சொல்கிறார், பப்பாசி பழுக்கிற மாதங்களைத் தவிர.